தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டருக்குப் பிரேக் கிடையாது



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் மைசூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் விருந்தினர் கூட்டம் நிறைந்துவிடும். சேலம், ஈரோடு, திருச்சி, சென்னை என்று பல ஊர்களிலிருந்தும் உறவினர்கள் குழந்தைகளோடு வந்து இறங்குவார்கள். அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக் காட்சிசாலை, கிருஷ்ணராஜ சாகர் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "வேறென்ன இருக்கிறது?" என்ற கேள்வி வரும். முன்பெல்லாம் இதற்குப் பதில் காரஞ்சி ஏரியில் பெடல் படகு, ரங்கனதிட்டில் துடுப்புப் படகு என்பதாக இருந்தது. அண்மைக் காலத்தில் தி. நரசிபுரம் சாலையில் உள்ள வருணா ஏரியும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஜெட் ஸ்கீ ஓடுவதைக் கரையில் நின்று பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். ஊருக்குப் போகும்போது முட்டுக்காட்டிலும், சுற்றுலா போகும்போது மால்பெ, கோவா கடற்கரைகளிலும் இதே வண்டியைப் பார்க்கிறோம். பிள்ளைகள் பார்த்ததும் கேட்கிறார்கள். நாமும் மறுக்க மனமின்றிச் சரி என்கிறோம்.

சரி என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தச் சரிக்கு முன்னால் நாம் கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்காமலே ஏறும் வழக்கம் நம்மிடையே வளர்ந்திருப்பதுதான் என்னை இதை எழுதத் தூண்டியது. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் பெட்டிகளின் பராமரிப்பிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன். படகு என் தொழில் இல்லை. என்றாலும், மனிதர்களை ஏற்றிச் செல்லும் இயந்திரம் எதுவாக இருந்தாலும் அதற்கென்று ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதை அந்தப் பணி எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

வண்டியின் இயல்பு

ஜெட் ஸ்கீ என்பது உண்மையில் கவாசாகி நிறுவனம் 1970-களில் சந்தைக்குக் கொண்டுவந்த வண்டியின் வணிகப் பெயர். எல்லா நகல் இயந்திரத்தையும் ஜெராக்ஸ் என்பது போல, எல்லா நிறுவனங்களின் வண்டியையும் நாம் ஜெட் ஸ்கீ என்கிறோம். வாட்டர் ஸ்கூட்டர் என்றும் சொல்வதுண்டு. அந்தப் பெயரில்தான் ஆபத்தே தொடங்குகிறது. ஸ்கூட்டர் என்றதும், "நாம் ஓட்டாத ஸ்கூட்டரா?" என்ற தைரியம் நம் இளைஞர்களுக்கு வந்துவிடுகிறது.

இந்த வண்டிக்குச் சக்கரம் இல்லை. வெளியே சுழலும் விசிறியும் இல்லை, சுக்கானும் இல்லை. அடிப்பாகத்தில் கம்பிச் சட்டம் போட்ட ஒரு திறப்பு இருக்கும். எஞ்சின் சுழற்றும் இம்பெல்லர் அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்புறக் குழாய் வழியாக மிகுந்த வேகத்தோடு பீய்ச்சுகிறது. அந்தத் தண்ணீர்த் தாரை பின்னால் போக, வண்டி முன்னால் போகிறது. ஹாண்டில் பாரைத் திருப்பினால் பின்புறக் குழாயின் வாய் திரும்பும். தாரை பக்கவாட்டில் போவதால் வண்டியும் திரும்பும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் தாரை நின்றுவிடும். தாரை இல்லையென்றால் ஹாண்டிலை எவ்வளவு திருப்பினாலும் வண்டி ஏறக்குறைய நேராகவே போய்க்கொண்டிருக்கும். சாலையில் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர் எதிரே ஏதாவது வந்தால் என்ன செய்வார்? ஆக்ஸிலரேட்டரை விட்டு, பிரேக்கைப் பிடித்து, ஒதுங்குவார். தண்ணீரில் அதே பழக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் திருப்பும் சக்தியையும் சேர்த்து விட்டுவிடுகிறார். பிடிப்பதற்குப் பிரேக்கும் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 3 விநாடியில் 50 மீட்டர் கடந்துவிடும். முந்நூறு கிலோ எடையுள்ள வண்டி அந்த வேகத்தில் எதன்மேல் மோதினாலும் விளைவு என்ன என்று சொல்லத் தேவையில்லை. 2009-க்குப் பிறகு சில உயர் ரக வண்டிகளில் பிரேக் போன்ற ஓர் அமைப்பு வந்திருக்கிறது. நம் ஏரிக்கரைகளில் வாடகைக்கு ஓடும் பழைய வண்டியில் அது இருக்கும் என்று நம்பி ஏறக் கூடாது.

ரயிலில் நாங்கள் கற்ற முதல் பாடம் இதற்கு நேர் எதிரானது. பிரேக் குழாய் அறுந்தாலோ, ஓடும்போது பெட்டிகள் இரண்டாகப் பிரிந்தாலோ, யாரும் தொடாமலே பிரேக் தானாகப் பிடித்து வண்டி நின்றுவிடும். பழுதானால் நிற்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. ஜெட் ஸ்கீயிலோ எஞ்சின் பழுதாகி அணைந்தால் கட்டுப்பாடும் போய்விடுகிறது. ஆகவே அதன் பாதுகாப்பு முழுவதும் ஏறுவதற்கு முன் செய்யும் சோதனையிலும், ஓட்டுபவர் விடும் இடைவெளியிலும்தான் இருக்கிறது.

மணிக்கட்டுக் கயிறு

புறநகர் மின்சார ரயிலில் ஓட்டுநர் கையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய ஒரு கைப்பிடி உண்டு. அவர் மயங்கிக் கை தளர்ந்தால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு வண்டி நின்றுவிடும். ஜெட் ஸ்கீயில் அந்த வேலையைச் செய்வது சுருள் சுருளாக இருக்கும் ஒரு சிறு கயிறு. ஒரு முனை எஞ்சின் சுவிட்சில் மாட்டியிருக்கும். மறுமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டப்பட வேண்டும். அவர் கீழே விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் அணைந்துவிடும். நீந்திப் போய் வண்டியைப் பிடித்துக்கொள்ளலாம். ஆளில்லாத வண்டி குளிப்பவர்கள் நடுவே புகுவதும் தடுக்கப்படும்.

இந்தக் கயிற்றை ஹாண்டிலிலேயே சுற்றி முடிந்து வைத்துவிட்டு ஓட்டும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கலாம். ஒவ்வொரு ஆளுக்கும் மாட்டிக் கழற்ற நேரமாகிறது என்பது காரணம். அப்படிப்பட்ட வண்டியில் ஏறாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். கயிறு மாட்டாத வண்டிக்கு வேறு எந்தத் தகுதி இருந்தாலும் பயனில்லை.

மற்ற விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லைஃப் ஜாக்கெட் உடல் அளவுக்குப் பொருந்த வேண்டும். எல்லா வார்களையும் மாட்டிய பிறகு தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது முகவாயைத் தாண்டி மேலே வந்தால் தளர்வு என்று பொருள். பெரியவர் சட்டையைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் சட்டை மட்டும் மிதக்கும். "எனக்கு நீச்சல் தெரியும்" என்பது இங்கே செல்லாது. வேகத்தில் விழுந்து தலையில் அடிபட்டவருக்கு நீச்சல் நினைவிருக்காது. நினைவு தப்பியவரையும் மிதக்க வைப்பதற்குத்தான் அந்தச் சட்டை.

ஓட்டுபவருக்கு 16 வயதாவது நிறைந்திருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் பரிந்துரை. சிறு குழந்தையை ஓட்டுபவருக்கு முன்னால் உட்கார வைப்பது நம்மவர்களின் வழக்கம். மோதினால் குழந்தை ஹாண்டிலுக்கும் பெரியவருக்கும் நடுவே நசுங்கும். பின்னால் உட்கார்ந்து, பாதம் தளத்தில் படியும் உயரமும், முன்னிருப்பவரைக் கட்டிப் பிடிக்கும் பலமும் இல்லாத குழந்தையை ஏற்றவே கூடாது.

நம் பெண்மணிகள் கவனிக்க வேண்டியது ஒன்று. அடியில் உள்ள திறப்பு தண்ணீரை மட்டும் உறிஞ்சுவதில்லை. புடவைத் தலைப்பு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதுவானாலும் இழுத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது வண்டியின் பின்பக்கமாக ஏறவோ, அடியில் கை விடவோ கூடாது. பின்னால் உட்கார்ந்தவர் மல்லாந்து விழுந்தால் தாரையின் வேகம் உடலின் உட்பகுதிகளைக் கடுமையாகக் காயப்படுத்தும். மெல்லிய துணி இதைத் தடுக்காது. அதனால்தான் கெட்டியான ரப்பர் நீச்சலுடை அணியும்படி வண்டியின் மேலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த உடை இல்லாத இடத்தில், வேகம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பராமரிப்பு

வண்டி வைத்திருப்பவர்களுக்கும், வெளிநாட்டில் சொந்தமாக வாங்கி ஓட்டும் நம் பிள்ளைகளுக்கும் சில வார்த்தைகள். காலையில் முதல் முறை எஞ்சினைக் கிளப்பும் முன் இருக்கையைத் திறந்து காற்றாட விட வேண்டும். பெட்ரோல் வாடை வந்தால் காரணம் கண்டு சரிசெய்யும் வரை கிளப்பக் கூடாது. மூடிய அறையில் தங்கிய பெட்ரோல் ஆவிக்கு ஒரு சிறு பொறி போதும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விட்டால் படக்கென்று பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தயங்கித் திரும்பினால் கேபிளைப் பாருங்கள். தண்ணீர் வடிக்கும் அடைப்பான்கள் இறுகியிருக்கின்றனவா, தீயணைப்பான் இருக்கிறதா, கயிற்றைப் பிடுங்கினால் எஞ்சின் உண்மையாகவே அணைகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

நம் ஏரிகளில் ஆகாயத் தாமரையும் பிளாஸ்டிக் பையும் மீன் வலையின் கயிறும் ஏராளம். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை என்றால் திறப்பில் ஏதோ அடைத்திருக்கிறது. எஞ்சினை அணைத்து, கயிற்றைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். வண்டி கவிழ்ந்தால் எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்று பின்புறத்தில் அம்புக்குறி போட்டிருக்கும். எதிர்ப்பக்கம் புரட்டினால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகலாம்.

கடலில் ஓட்டிய பிறகு நல்ல தண்ணீரால் எஞ்சினின் குளிர்விப்புப் பாதையைக் கழுவ வேண்டும். பல வண்டிகளில் எஞ்சினைக் கிளப்பிய பிறகே குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் குழாயை மூடி, பிறகு எஞ்சினை அணைக்க வேண்டும். வரிசை மாறினால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். இதில் வண்டிக்கு வண்டி வேறுபாடு உண்டு என்பதால் கையேட்டைப் படித்துச் செய்வதே முறை.

விபத்தும் பாடமும்

இவ்வளவு சொல்வது பயமுறுத்துவதற்காகத்தான் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டின் உல்லாசப் படகு விபத்துகளைச் சற்று வரிசையாக வைத்துப் பாருங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் வனவிலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக ஒதுங்க, இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மீண்டும் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும். அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று மும்பையில் எஞ்சின் சோதனை ஓட்டத்திலிருந்த கடற்படையின் வேகப்படகு கட்டுப்பாட்டை இழந்து பயணிகள் படகில் மோதியதில் ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள்.

இடம் வேறு, மொழி வேறு, படகு வேறு. ஆனால் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவது, லைஃப் ஜாக்கெட் இல்லாதது, வண்டியின் தகுதியை யாரும் பார்க்காதது என்ற காரணங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ரயில்வேயில் பெரும் விபத்து நடந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்லர், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். ஓர் இடத்து விபத்தின் பாடம் எல்லா இடத்துக்கும் விதியாகப் போகும். எங்கள் விதிப் புத்தகத்தின் பல வரிகளுக்குப் பின்னால் யாரோ சிலரின் உயிர் இருக்கிறது என்று மூத்தவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். தண்ணீரில் நடக்கும் விபத்துகளோ அந்தந்த ஊரின் துக்கமாக முடிந்துவிடுகின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம் வந்தது. இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்குப் பதிவு, பரிசோதனை, ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று, உயிர் காக்கும் சாதனங்கள் ஆகியவற்றை அது பேசுகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2017-இல் படகுப் பாதுகாப்புக்கென்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. ஆனால் ஏரிக்கரையில் டிக்கெட் வாங்கி நிற்கும் குடும்பத் தலைவருக்கு அந்தக் காகிதங்கள் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியும்படி செய்ய ஓர் எளிய வழி உண்டு. அடுத்த முறை ரயிலில் போகும்போது பெட்டியின் முனைச் சுவரைப் பாருங்கள். எந்தப் பணிமனையில், எந்தத் தேதியில் முழுப் பராமரிப்பு நடந்தது, அடுத்து எப்போது வர வேண்டும் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். உள்ளே எத்தனை பேர் உட்காரலாம் என்றும் எழுதியிருக்கும். வாடகைக்கு ஓடும் ஒவ்வொரு ஜெட் ஸ்கீயிலும், ஒவ்வொரு படகிலும் இதே போல மூன்று வரி எழுத வேண்டும்: எத்தனை பேர், கடைசிச் சோதனை எப்போது, அடுத்தது எப்போது. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினால் போதும். ஒரு டப்பா பெயிண்டில் முடியும் காரியம் இது. மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் மனம் வைத்தால் ஒரே மாதத்தில் செய்துவிடலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

நம் பங்கு

அதுவரை? நாம்தான் கேட்க வேண்டும். இங்கே நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வண்டி ஓட்டி வயிறு பிழைக்கும் பையனிடம், "மூணு பேரா ஏறிக்கறோம், ரேட்டைக் குறைச்சுக்கோ" என்று பேரம் பேசுவது நாம்தான். "ஜாக்கெட் நாறுகிறது, போட்டோவில் புடவை தெரியாது" என்று கழற்றுவதும் நாம்தான். "இன்னும் வேகமா" என்று கத்துவதும் நம் பிள்ளைகள்தான். அவன் ஒழுங்காக ஓட்டினால் காசு வீண் என்று முகம் சுளிக்கிறோம். ஒழுங்கைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர் இருந்தால்தான் கடைக்காரர் ஒழுங்கை விற்பார்.

வேறு மாநிலத்தில் வாழ்வதால் வரும் கூச்சமும் ஒரு காரணம். "நமக்கு எதற்கு வம்பு, பாஷை வேறு சரியாக வராது" என்று பேசாமல் ஏறிவிடுகிறோம். இதற்குப் பெரிய கன்னடப் புலமை வேண்டாம். "லைஃப் ஜாக்கெட் கொடி" என்றால் கொடுங்கள் என்று பொருள். "எஷ்டு ஜன கூரபஹுது?" என்றால் எத்தனை பேர் உட்காரலாம் என்று பொருள். "நிதானவாகி ஓடிஸி" என்றால் மெதுவாக ஓட்டுங்கள். இந்த மூன்று வாக்கியங்களை வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். மரியாதையாகக் கேட்டால் இந்த ஊர்க்காரர்கள் மரியாதையாகவே பதில் சொல்வார்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை. ரயிலில் கார்டு பச்சைக் கொடி காட்டாமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்த மாட்டார். இப்போது அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், பொறுப்பு அதேதான். சங்கத்தின் குடும்பச் சுற்றுலாக்களில் நீர்நிலைக்குப் போகும்போதெல்லாம் ஒருவரைக் கார்டாக நியமிப்போம். அவர் அன்று படகில் ஏற மாட்டார். கரையில் நின்று ஆட்களை எண்ணுவார். ஜாக்கெட்டின் வார்களை இழுத்துப் பார்ப்பார். கயிறு மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். வானம் கறுத்தாலோ, பொழுது சாய்ந்தாலோ வேண்டாம் என்று சொல்வார். அவர் வேண்டாம் என்றால் தலைவர் வீட்டுப் பிள்ளையானாலும் ஏறக் கூடாது. ஆள் கிடைக்கவில்லையென்றால் முதல் முறைக்கு நான் வருகிறேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார்கள் சொன்னது கிணற்றுக்கும் ஆற்றுக்கும் மட்டும் பொருந்துவதன்று. ஓர் இயந்திரத்தின் ஆழத்தையும் தெரிந்துகொண்டே காலை வைக்க வேண்டும். பிள்ளைகள் ஆசைப்படட்டும், தண்ணீரில் ஓடி மகிழட்டும். டிக்கெட் வாங்கும் முன் இரண்டு நிமிடம் நின்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு மசாலா தோசை வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். மைசூரில் அதற்கா பஞ்சம்?